இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கீழே உள்ள எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

2,93,31,86,25,600

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது அல்லவா?

இதைவிடப் பெரிய எண்கள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு பட்டியலில் இது இடம்பெற்றிருக்க வேண்டும். ஆனால் இடம்பெறவில்லை. எப்படியோ விடுபட்டுவிட்டது.

இராமானுஜன் என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் எண் 1729 ஆகத்தான் இருக்கும். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெரிய எண்ணின் கதை பலருக்குத் தெரியாது. எனக்கே திண்டிவனத்தில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி சொல்லித்தான் தெரிந்தது. அதுவும் அவள் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை! அந்தக் கதைக்குப் போகுமுன், அது எந்தப் பட்டியல், அதில் இடம்பெற என்ன தகுதி வேண்டும் என்று பார்ப்போம்.

அறுபதும் அறுபத்தொன்றும்

குடியரசு தின அணிவகுப்புக்கு உங்கள் பள்ளியிலிருந்து 60 மாணவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடற்பயிற்சி ஆசிரியருக்குக் கவலையே இல்லை. 2 வரிசையில் நிறுத்தினால் வரிசைக்கு 30 பேர். 3 வரிசையானால் 20 பேர். 4 வரிசையானால் 15 பேர். 5 வரிசையானால் 12 பேர். 6 வரிசையானால் 10 பேர். எப்படி நிறுத்தினாலும் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு மாணவன் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறான். இப்போது 61 பேர். ஆசிரியர் எத்தனை வரிசை அமைத்துப் பார்த்தாலும் யாராவது மிஞ்சுகிறார்கள். அனைவரையும் ஒரே நீண்ட வரிசையில் நிறுத்தினால்தான் உண்டு!

காரணம் உங்களுக்குத் தெரியும். 61 ஒரு பகா எண். 1, 61 என்ற இரண்டு எண்களால் மட்டுமே மீதியின்றி வகுபடும். 60ஐயோ 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 ஆகிய பன்னிரண்டு எண்களாலும் வகுக்கலாம். இந்தப் பன்னிரண்டையும் 60இன் வகுஎண்கள் என்கிறோம்.

60க்குக் கீழே உள்ள எண்களில் ஒன்றுக்காவது 12 வகுஎண்கள் உண்டா? தேடிப் பாருங்கள். கிடைக்காது. 48க்கு 10 உண்டு. அதுதான் அதிகம். தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் வகுஎண்களின் எண்ணிக்கையில் வென்றுவிட்ட எண் 60. இப்படி வென்ற எண்களுக்கு இராமானுஜன் தந்த பெயரைத் தமிழில் ‘உயர் பகு எண்கள்’ எனலாம். வரிசையின் தொடக்கம் இதோ:

1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840...

72க்கும் 12 வகுஎண்கள் உண்டே, அது ஏன் இல்லை என்று கேட்கிறீர்களா? 60ஐ அது சமன் செய்ததே தவிர வெல்லவில்லை. முந்திய எல்லாவற்றையும் மிஞ்சினால்தான் இந்தப் பட்டியலில் இடம்.

பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். எல்லாம் பழகிய முகங்கள்! டஜனுக்கு 12. நாளுக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிடம். வட்டத்துக்கு 360 பாகை. பாதி, கால், மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எப்படிப் பங்கு போட்டாலும் இவை முழுதாகப் பிரியும். கிரேக்க அறிஞர் பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்ற நூலில் ஒரு நல்ல நகரத்துக்கு 5040 குடிகள் இருக்கவேண்டும் என்றார். நிலம் பிரிக்கவும், வரி வகுக்கவும், படை திரட்டவும் வசதியாகப் பல விதத்தில் வகுபடும் எண் அது என்பதுதான் அவர் சொன்ன காரணம். 5040உம் ஓர் உயர் பகு எண்ணே. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். மீண்டும் வரும்.

எண்ணாமல் எண்ணும் வழி

60க்கு வகுஎண்களை ஒவ்வொன்றாக எழுதி எண்ணிவிட்டோம். நம்முடைய பெரிய எண்ணுக்கு அப்படி எழுத உட்கார்ந்தால் நோட்டுப் புத்தகம் போதாது. அதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது.

உங்கள் இலையில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் வைத்திருக்கிறார்கள். எத்தனை விதமாகச் சாப்பிடலாம்? இட்லியில் ஒன்றும் சாப்பிடாமல் விடலாம், ஒன்று சாப்பிடலாம், இரண்டும் சாப்பிடலாம். ஆக மூன்று வழி. வடையை விடலாம் அல்லது சாப்பிடலாம். இரண்டு வழி. மொத்தம் 3 × 2 = 6 வழிகள்.

இப்போது 12ஐப் பகா எண்களாகப் பிரியுங்கள். 12 = 2 × 2 × 3. இரண்டு ‘2’களும் ஒரு ‘3’உம். இட்லிக்குப் பதில் 2, வடைக்குப் பதில் 3. அவ்வளவுதான் வேறுபாடு! 12இன் ஒவ்வொரு வகுஎண்ணும் இவற்றிலிருந்து எடுத்துப் பெருக்கியதே. ஆகவே 12க்கு 6 வகுஎண்கள். எதையும் தொடாமல் இலையை மூடுவதும் ஒரு வழி அல்லவா? அதுதான் 1 என்ற வகுஎண்.

இதை விதியாகச் சொன்னால்: எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து அடுக்குகளை எழுதுங்கள். ஒவ்வோர் அடுக்கோடும் 1ஐக் கூட்டுங்கள். கிடைத்தவற்றையெல்லாம் பெருக்குங்கள். அதுவே வகுஎண்களின் எண்ணிக்கை. 360 = 2³ × 3² × 5. அடுக்குகள் 3, 2, 1. ஆகவே 4 × 3 × 2 = 24 வகுஎண்கள்.

நம் எண்ணைப் பிரித்தால் இப்படி வரும்:

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஆகவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. பிளேட்டோ நகரத்தின் குடிகள் எத்தனையோ அத்தனை வகுஎண்கள்!

விழுப்புரத்தில் இறங்கிய இளைஞர்

நான் வசிப்பது விழுப்புரம். பணியாற்றுவது திண்டிவனத்தில். நாள்தோறும் ரயில் பயணம். விழுப்புரம் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் 1910ஆம் ஆண்டு இங்கே வந்திறங்கிய ஓர் இளைஞர் என் நினைவுக்கு வருவார்.

அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருமணமாகியிருந்தது. வேலை இல்லை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செல்லாததால் எஃப்.ஏ. தேர்வில் தோற்றுப் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டவர். கும்பகோணத்திலிருந்து ரயிலேறி, விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூருக்குப் போனார். அப்போது திருக்கோவிலூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது.

திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கிடைக்குமா என்று கேட்டு வந்த இளைஞர் தம் கணக்கு நோட்டுகளைக் காட்டினார். இராமசாமி ஐயர் புரட்டிப் பார்த்தார். வியந்தார். வருவாய்த் துறையின் கடைசிப் படியில் ஒரு வேலையைக் கொடுத்து இந்த அறிவை முடக்கிவிடக் கூடாது என்று நினைத்து, அறிமுகக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவையே. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம். 1914இல் கடற்பயணம். 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது உயர் பகு எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரை. இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேர்வில் தோற்றவருக்கு!

பகா எண்களைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்தார்கள். பகா எண்ணிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும் எண்களே உயர் பகு எண்கள் என்று ஹார்டி விளக்கினார். அந்த எதிர்க் கரையை முறையாக ஆராய்ந்து காட்டியவர் இராமானுஜன். கட்டுரையோடு ஒரு பட்டியலும் இருந்தது. 67,46,32,83,88,800 வரை செல்லும் அந்தப் பட்டியலில் 102 எண்கள். கணிப்பொறி இல்லாத காலம். எல்லாம் கையால் போட்ட கணக்கு.

இராமானுஜன் கண்ட ஒழுங்கு

கோடி கோடியாக உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தா அவர் பட்டியல் போட்டார்? இல்லை. உயர் பகு எண்களின் உள்ளமைப்பில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் கண்டார்.

முதலாவது: அவற்றில் பகா எண்கள் 2, 3, 5, 7, 11 என்று இடைவெளி விடாமல் வரும். 10ஐப் பாருங்கள். 10 = 2 × 5. நடுவில் 3 விடுபட்டிருக்கிறது. 5ஐ எடுத்துவிட்டு 3ஐப் போட்டால் 6. இரண்டுக்கும் வகுஎண்கள் 4. அதே எண்ணிக்கை சிறிய எண்ணிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே 10க்கு இடமில்லை.

இரண்டாவது: அடுக்குகள் போகப்போகக் குறையலாம் அல்லது அப்படியே நிற்கலாம், ஏறக் கூடாது. 18 = 2 × 3². அடுக்குகளை மாற்றிப் போட்டால் 2² × 3 = 12. இரண்டுக்கும் 6 வகுஎண்கள். 12 சிறியது. ஆகவே 18க்கு இடமில்லை.

மூன்றாவது: கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு விலக்கு இரண்டே எண்கள்: 4, 36.

இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அவையும் கொஞ்சமல்ல. இங்கே ஒரு வியாபாரக் கணக்கு வருகிறது. 41,90,26,60,800 என்ற உயர் பகு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

41,90,26,60,800 = 2⁶ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19

இதன் வகுஎண்கள் 3360. இதைப் பெருக்கி வளர்க்க வேண்டும். 23 என்ற புதிய பகா எண்ணைச் சேர்த்தால் வகுஎண்கள் இரண்டு மடங்காகி 6720 ஆகும். ஆனால் எண் 23 மடங்கு பெரிதாகிவிடும். அதற்குப் பதிலாக ஏற்கெனவே உள்ள 7ஐ 7² ஆக்கினால் வகுஎண்கள் ஒன்றரை மடங்குதான் ஆகும். ஆனால் எண் 7 மடங்குதான் பெருகும். 23 ரூபாய்க்கு இரண்டு படியா, 7 ரூபாய்க்கு ஒன்றரைப் படியா என்பது போன்ற கேள்வி. இரண்டுமே தத்தம் இடத்தில் இலாபமான பேரம்தான். முதல் பேரத்தில் கிடைப்பது 9,63,76,11,98,400. அது இராமானுஜன் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது பேரத்தில் கிடைப்பது 2,93,31,86,25,600. ஆம், நம் எண்ணேதான். அது பட்டியலில் இல்லை.

ஒரு மாணவியின் சந்தேகம்

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கணித மன்றக் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். நான் இயற்பியல் ஆசிரியன். இருந்தாலும் எண்களில் எனக்கு ஆசை உண்டு. இராமானுஜன் பட்டியலிலிருந்து அடுத்தடுத்து வரும் ஐந்து எண்களைப் பெரிய தாளில் எழுதி எடுத்துப் போய்க் கரும்பலகையில் மாட்டினேன். எண்ணும் அதன் எதிரே வகுஎண்களின் எண்ணிக்கையும் இப்படி இருந்தன:

1,46,65,93,12,800 — 4320
1,60,62,68,66,400 — 4608
2,40,94,02,99,600 — 4800
3,21,25,37,32,800 — 5376
4,81,88,05,99,200 — 5760

சுருக்கு வழியைச் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் ஒரு மாணவி நோட்டோடு வந்து நின்றாள்.

“சார், ஒரு சந்தேகம். முதல் எண்ணைச் சும்மா இரண்டால் பெருக்கிப் பார்த்தேன். அதில் 2⁵ இருக்கிறது. பெருக்கினால் 2⁶ ஆகிவிடும். ஆறுக்குப் பதில் ஏழு. 4320ஐ ஆறால் வகுத்து ஏழால் பெருக்கினால் 5040 வருகிறது.”

“சரிதானே அம்மா. அதற்கென்ன?”

“அந்த எண் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் வருகிறதே சார். 5040 என்பது 4800ஐவிட அதிகம். அப்படியானால் அதுவும் பட்டியலில் இருக்க வேண்டாமா?”

நான் அவள் நோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “இது இராமானுஜன் போட்ட பட்டியல். அதில் விடுபடுமா? நீ எங்கேயோ பெருக்கலில் தவறியிருப்பாய். மறுபடி போட்டுப் பார்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அவள் “சரி சார்” என்றாள். முகம் வாடியதைக் கவனித்தேன். கவனித்தும் நிற்கவில்லை.

பாசஞ்சர் வண்டியில்

வண்டியில் இடம் கிடைத்தது. மயிலம் தாண்டியதும் மனம் உறுத்தத் தொடங்கியது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். முதல் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தேன். 2⁵ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. வகுஎண்கள் 6 × 5 × 3 × 3 × 16 = 4320. சரி. இரண்டால் பெருக்கினேன். 2,93,31,86,25,600. வகுஎண்கள் 7 × 5 × 3 × 3 × 16 = 5040. பேரணி நிலையம் வந்தது. மறுபடி போட்டேன். 5040தான்.

விக்கிரவாண்டி வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. 2,40,94,02,99,600க்கு அடுத்த உயர் பகு எண் 3,21,25,37,32,800 என்றால், இவற்றுக்கு இடைப்பட்ட எந்த எண்ணுக்கும் 4800ஐவிட அதிக வகுஎண்கள் இருக்கக் கூடாது. ஆனால் இதோ ஒன்று இருக்கிறது. ஒரே ஓர் எண் போதும். பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பது உறுதியாகிவிடும். அதைச் சொன்னவர் யார், பட்டியலைப் போட்டவர் யார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரத்தில் இறங்கும்போது, பெருக்கலில் தவறியவள் அந்த மாணவி அல்ல, பெருக்கியே பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன நான்தான் தவறியவன் என்பது தெளிவாகிவிட்டது.

இன்னொரு கேள்வி மீதமிருந்தது. விடுபட்டது இந்த எண்தானா? இதைவிடச் சிறியதாய், 5040 அல்லது அதற்கு மேற்பட்ட வகுஎண்களோடு வேறொன்று ஒளிந்திருக்கலாமே? அன்றிரவு வீட்டில் அதையும் பார்த்தேன். நீங்களும் என்னோடு வாருங்கள்.

இராமானுஜனின் ஒழுங்குப்படி, போட்டிக்கு வரும் எண்ணில் 2 முதல் ஏதோ ஒரு பகா எண் வரை எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பகா எண் எதுவாக இருக்கலாம்? 37 ஆக முடியாது. 2 முதல் 37 வரையுள்ள பகா எண்களைப் பெருக்கினாலே 74,20,73,81,34,810 ஆகி நம் எண்ணைத் தாண்டிவிடும். 31 வரை பெருக்கினால் 2,00,56,04,90,130. இதை இரண்டால் பெருக்கினாலும் எல்லை தாண்டும். ஆகவே இது ஒன்றுதான். பதினொரு பகா எண்கள். ஒவ்வொன்றின் அடுக்கும் 1. வகுஎண்கள் 2048. போதாது.

29 வரை பெருக்கினால் 6,46,96,93,230. இதை மேலும் 45 மடங்கு வரை பெருக்க இடமிருக்கிறது. 24, 30, 36, 40 என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பாருங்கள். மிகச் சிறந்தது 36. அதில் 4096 வகுஎண்கள். இதுவும் போதாது.

23 வரை பெருக்கினால் 22,30,92,870. இதை 1314 மடங்கு வரை வளர்க்கலாம். இங்கே மிகச் சிறந்தது 1080 மடங்கு. அதுதான் பட்டியலில் உள்ள 2,40,94,02,99,600. வகுஎண்கள் 4800. மயிரிழையில் தோற்கிறது! 19 வரை பெருக்கினால் 96,99,690. அதன் 30,240 மடங்கு நம் எண். அதற்குக் குறைந்த எந்த மடங்கும் 5040ஐ எட்டவில்லை. 17ஓடு நிறுத்தினால் இன்னும் குறைகிறது. ஆக, விடுபட்டது இதுவேதான்.

பட்டியலில் இதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் 23இல் முடிகின்றன. நடுவில் நிற்கும் இது மட்டும் 19க்குப் பின்வாங்கி, அதற்கு ஈடாக 7² வைத்துக்கொள்கிறது. வரிசையில் எல்லோரும் ஓரடி முன்னே வைக்கும்போது ஒருவர் மட்டும் பின்னே வைப்பது போல!

பிறகு நூல்களில் தேடியபோது, கணித அறிஞர்கள் இதை முன்பே கண்டறிந்து எழுதியிருப்பது தெரிந்தது. இன்றைய பட்டியல்களில் இந்த எண் தனக்குரிய இடத்தில் இருக்கிறது. அந்த மாணவி உலகில் முதலாவதாகக் கண்டுபிடித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்தாள். அது சிறிய செயலா?

மன்னிப்பும் ஒரு கேள்வியும்

அடுத்த திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியரின் அனுமதியோடு அவளைச் சந்தித்தேன்.

“நீ சொன்னதுதான் அம்மா சரி. உன் நோட்டைப் பார்க்காமலே தவறு என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்” என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் வியப்போடு பார்த்தார்கள். அவளுக்கோ ஒரே கூச்சம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: “அப்படியென்றால் இராமானுஜன் தப்புச் செய்துவிட்டாரா சார்?”

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவர் நிறுவிய தேற்றங்களில் இதனால் எந்தக் குறையும் இல்லை. பட்டியலில் அவர் எழுதிய 102 எண்களும் உயர் பகு எண்களே. ஒன்று விடுபட்டிருக்கிறது. அவ்வளவே. அது விடுபட்டது என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது எது? அவர் கற்றுத்தந்த அதே ஒழுங்கு! அவருடைய தராசைக் கொண்டே அவருடைய பட்டியலை நிறுத்தோம். அறிவியலில் ஒருவருக்குச் செய்யும் மரியாதை, அவர் சொன்னதை அப்படியே ஒப்புவிப்பது அல்ல, போட்டுப் பார்ப்பது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டுரை முழுவதும் 1915இல் அச்சாகவில்லை. இலண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் ஒரு பகுதியை இராமானுஜன் நிறுத்திவைத்தார். அந்தப் பகுதியைப் பிரெஞ்சு அறிஞர்கள் நிக்கோலா, ரொபேன் இருவரும் விளக்கக் குறிப்புகளோடு 1997இல் வெளியிட்டார்கள். 1920இல் தம் 32ஆம் வயதில் மறைந்தவரின் கணக்குகளை உலகம் இன்னும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பட்டியலின் கடைசி எண் எது என்று நினைவிருக்கிறதா? 67,46,32,83,88,800. அதை 23ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 2,93,31,86,25,600! விடுபட்ட எண், கடைசி எண்ணுக்குள்ளேயே இத்தனை காலம் உட்கார்ந்திருந்திருக்கிறது.

கிளம்பும்போது அந்த மாணவி கேட்டாள்: “நான் ஐந்து எண்களைத்தான் சார் பார்த்தேன். மீதி 97ஐயும் பார்க்கலாமா?” முழுப் பட்டியலையும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை அவள் நோட்டோடு வந்தால், ரயில் போனாலும் போகட்டும், உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

போட்டுப் பாருங்கள்

1. 100க்குள் 12 வகுஎண்கள் உள்ள எண்கள் ஐந்து. 60, 72 இரண்டும் உங்களுக்குத் தெரியும். மற்ற மூன்றும் எவை?

2. 1729 = 7 × 13 × 19. இதன் வகுஎண்கள் எத்தனை? இதைவிடச் சிறிய 1680க்கு எத்தனை? உயர் பகு எண் எது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவீர்கள்.

3. பட்டியலின் கடைசி எண்ணான 67,46,32,83,88,800க்கு எத்தனை வகுஎண்கள்? புதிதாகப் பெருக்க வேண்டியதில்லை. மேலே சொன்னதிலிருந்தே விடை வந்துவிடும்.

4. நம் எண்ணுக்கு 5040 வகுஎண்கள். 5040க்கு எத்தனை? அந்த விடைக்கு எத்தனை? அதற்கு எத்தனை? இப்படியே இறங்கிக்கொண்டு போங்கள். வழியில் வரும் எண்களில் எவை எவை உயர் பகு எண்கள், எந்த இடத்தில் அந்தச் சங்கிலி அறுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

விடைகளைச் சரிபார்க்க என்னை நம்ப வேண்டாம். நீங்களே பெருக்கிப் பாருங்கள்!